அம்மாவின் புடவையும் ஓர் ஆங்கிலச் சொல்லும்

அன்புள்ள அம்மாவுக்கு வணக்கம். நான் நலம். உன் முழங்கால் வலி குறைந்ததா?

இங்கே அகராதி அலுவலகத்தில் எனக்கு 'ஷேபி' என்ற ஆங்கிலச் சொல்லைக் கொடுத்தார்கள். முதலில் அது சொறி பிடித்ததைக் குறித்திருக்கிறது. பிறகு நைந்த உடையை, அதற்கப்புறம் சின்னத்தனமான நடத்தையை. ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு வாக்கியம் எழுத வேண்டும். உடைக்கு எதுவும் தோன்றாமல் விழித்தபோது, எங்கள் வேலையைத் திருத்தும் மேடம் எல்லார் முன்னாலும் என் சுடிதாரின் நுனியைத் தூக்கிக் காட்டினார்.

"ஏம்மா, உடம்புலயே போட்டுக்கிட்டு வந்துட்டு எங்க தேடுற? உன்னையே எழுது."

அறையே சிரித்தது, நானும் சிரித்தேன். உன் பழைய புடவையில் நீ தைத்தது என்று சொல்லவில்லை. என்னையே எழுதினேன். திருத்தமில்லாமல் ஏற்றுக்கொண்டார்.

நடத்தைக்கு, புதிதாக வந்தவளின் உடையைப் பார்த்துச் சிரித்தவர்களை எழுதினேன். அதை அடித்துவிட்டார்.

"யாரும்மா இப்படி நடந்துக்குவா? நிஜமா நடக்குறத எழுது."

வேடிக்கைக்குத்தான் சொன்னேன், மனதில் வைத்துக்கொள்ளாதே. இனிமேல் சுடிதார் தைக்க வேண்டாம். இன்னொரு பழைய புடவை இருந்தால் வெட்டாமல் அப்படியே அனுப்பு. இங்கே குளிர்கிறது, போர்த்திக்கொள்வேன். துவைத்து அனுப்பாதே.

மேடம் கூப்பிடுகிறார்.

உன் மகள்