நீ பிடுங்கிப்போட்ட பொத்தான்

கீபோர்டின் வலது மூலையில் அந்தப் பள்ளம் இன்னும் அப்படியே இருக்கிறது. கன்ட்ரோல் பொத்தான் இருந்த இடம். நம் டிடிபி கடையில் ஒருநாள் உன் கை பட்டு, அடித்து முடித்த கல்யாணப் பத்திரிகை மூடிக்கொண்டது என்று ஹேர்பின்னால் நெம்பி எடுத்தாய். "எடதுபக்கம் ஒண்ணு கீதில்ல, இது எதுக்குடி எடத்த அடைச்சிக்கினு?" என்றாய். எதற்கு என்று இன்று தெரிந்தது.

காலையில் வடக்கனந்தல் அம்மா வந்தார். இளைய மகனுக்குக் கல்யாணம். "பெரியவனுக்கு அந்தப் பொண்ணு அடிச்சி, ஊர் ஊரா தனிக்கட்டா கட்டிக் குடுத்துச்சே, அதே பத்திரிகதாம்மா வேணும். பேரு வரிசைல ஒரு சண்டையும் வர்ல" என்றார். அவரிடம் ஒரு பிரதிகூட மிச்சமில்லை. உன் கோப்பு இருக்கிறது, அதைத் திறக்கும் பழைய சாப்ட்வேர்தான் புதுக் கம்ப்யூட்டரில் ஏறாது. வேறு சாப்ட்வேருக்கு மாறு, மாறு என்று எத்தனை முறை சொன்னேன். நீ எங்கே கேட்டாய்?

ஆகவே கம்ப்யூட்டருக்குள் இன்னொரு பழைய கம்ப்யூட்டரை உட்கார வைக்கும் வேலை என் தலையில். விர்ச்சுவல் மெஷின் என்கிறார்கள். ஏற்றியதுமே, கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போதே பயாஸ் என்கிற செட்டிங்குக்குப் போய் அனுமதி கொடு என்றது. அதற்கான பொத்தானை மூன்று முறை நேரம் தப்பி அழுத்தினேன். மெமரியைத் தாராளமாகக் கொடுத்தேன், இரண்டு கம்ப்யூட்டரும் சேர்ந்து படுத்துக்கொண்டன. ஒருவழியாகப் பழைய விண்டோஸ் வந்தது. மவுஸ் உள்ளே போனது போனதுதான். வெளியே வர வலதுபக்கக் கன்ட்ரோலை அழுத்து என்றது. உன்னைத் திட்டியது பக்கத்து ஜெராக்ஸ் கடைவரை கேட்டிருக்கும். கடைசியில் என் ஹேர்பின்னின் வளைந்த முனையால் பள்ளத்தை அழுத்தித்தான் மவுஸை மீட்டேன்.

கோப்பைத் தேடினால் ஒன்றல்ல, இரண்டு. வடக்கனந்தலுக்கான பத்திரிகையில் அந்த ஊரில் இருக்கும் மாப்பிள்ளையின் பெரியப்பா வீட்டார் பெயர் முதலில். எலவனாசூர்கோட்டைக்கானதில் அங்கிருக்கும் சித்தப்பா வீட்டார் முதலில். இரண்டு வீட்டாருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. இரண்டு பத்திரிகையையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க யாருமில்லை. நீ ஊர்வாரியாகக் கட்டுப் போட்டது இதற்குத்தானா?

அடுத்த நாற்காலியில் இருந்த என்னிடம்கூடச் சொல்லவில்லை நீ. அதுதான் எனக்கு ஆறவில்லை. நீ போய்ச் சேர்ந்து ஒரு வருஷமாகிறது, இனி யாரோடு சண்டை போடுவது?

மாலையில் அந்த அம்மா திரும்ப வந்தார். "அதே மாதிரி வந்துடுமாம்மா?"

"அதே மாதிரிதாங்க. ஊர் ஊரா தனிக்கட்டா கட்டிக் குடுத்துடறேன்" என்றேன், முகத்தை மாற்றாமல். ஹேர்பின்னை எடுத்துக் கீபோர்டு பக்கத்திலேயே வைத்துக்கொண்டேன்.