அடுத்தவன் குதிரைச் சங்கிலி

நவம்பர், ஞாயிறு

அன்புள்ள தம்பி தூதோருக்கு,

அக்கா ஸ்மராந்தா எழுதுவது. இங்கே நான் சுகம். உன் சுகத்தை வாராவாரம் போனில் நீயே விலாவாரியாகச் சொல்லிவிடுகிறாய். அதனால் தனியாகக் கேட்கவில்லை.

போனில் பேசுகிறவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று யோசிப்பாய். உன் குதிரை முராவின் பேச்சை எடுத்தாலே உனக்கு சிக்னல் போய்விடுகிறது. ஏழாவது மாடிச் சாரத்தில் நின்று பேசுகிறேன், பாதி இத்தாலி இங்கிருந்து தெரிகிறது என்று அளக்கிறாய். குதிரை என்ற ஒரு சொல் மட்டும் அங்கே ஏறி வர மாட்டேன் என்கிறது. கடிதத்துக்கு அந்தத் தொல்லை இல்லை. நடுவில் கிழித்துப் போட்டால்தான் உண்டு. கிழிக்காதே.

வீட்டுச் சேதி முதலில். முட்டைக்கோஸைப் பீப்பாயில் உப்புப் போட்டு வைத்தாயிற்று. பிளம் ஜாம் இந்த வருஷம் கொஞ்சம் தீய்ந்துவிட்டது, ஆனாலும் நீ வழித்துத் தின்பாய். மழையில் அம்மா கல்லறைச் சிலுவை சாய்ந்திருந்தது. நானே மண்ணைக் கெட்டித்து நிமிர்த்தி வைத்தேன். புகைபோக்கியையும் சரிசெய்தாயிற்று.

இனி லாயத்துக்கு வருகிறேன். போன வாரம் நீ சொன்னது எனக்கு ஒரு வார்த்தை விடாமல் ஞாபகம் இருக்கிறது. "அக்கா, திருமுழுக்குத் திருநாளுக்கு ஊருக்கு வந்துடறேன். லாயத்தக் கழுவி வை. சந்தையில நல்லதா ஒரு ஆண்குட்டி புடிச்சு வைக்க லெஃப்டர்கிட்ட சொல்லிட்டேன். இந்தத் தடவையும் திருநாள் குதிரைப் பந்தயத்துல நம்மதான்" என்றாய். கடிவாளத்தில் கட்டும் சிவப்புக் குஞ்சம் எலி கடிக்காமல் இருக்கிறதா என்றுகூடக் கேட்டாய். குஞ்சத்துக்குக் கிடைத்த விசாரிப்பு குதிரைக்குக் கிடைக்கவில்லை. நானாகத்தான் முரா என்ன ஆனாள் என்று கேட்டேன். "அதுக்கென்னக்கா, தீவுல ராணியாட்டம் இருக்கும். புல்லு இருக்கு, ஆத்துத் தண்ணி இருக்கு. இங்க வாடகை குடுத்துக் கஷ்டப்படறவன் நான்தான்" என்று சிரித்தாய். பிறகு வழக்கம்போல சிக்னல் போய்விட்டது.

உன் ராணியைப் பற்றி எழுதுகிறேன், உட்கார்ந்து படி.

அதற்கு அடுத்த நாளே உன் நண்பன் லெஃப்டர் வந்தான். மீன் பிடிக்கப் போகும்போதும் வரும்போதும் அந்தத் தீவைச் சுற்றித்தான் போகிறான், உனக்குத் தெரியும். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துத் திருகிக்கொண்டே, "அக்கா, உங்க தம்பி குதிரை ஆத்தோர மரத்தடியில நிக்குது. நிக்குதுன்னுதான் சொல்லணும்" என்றான். குட்டி வாங்கச் சொல்லி நீ பேசிய பேச்சு அவன் மனதை உறுத்தியிருக்க வேண்டும். அதுவரை நான் கேட்டபோதெல்லாம், "பாத்தேன்க்கா, மேய்ஞ்சிட்டிருக்கு" என்று மட்டும் சொல்லி வந்தவன் அவன்தான்.

அவன் படகிலேயே போனேன். முரா எங்களைப் பார்த்ததும் நகர்ந்தாள். எப்படி நகர்ந்தாள் தெரியுமா? முன்கால் இரண்டையும் சேர்த்துத் தூக்கி, சேர்த்தே முன்னால் போட்டு, பிறகு பின்னுடம்பை இழுத்துக்கொண்டாள். மறுபடி தூக்கினாள். முயல் தாவுமே, அந்த மாதிரி. முயலுக்கு அது சுகம்.

நீ தீவில் விட்டபோது அவளுக்கு மூன்று வயது. குதிரை ஐந்தாறு வயது வரை வளரும் என்று சாராயக் கடையில் ஊருக்கே பாடம் எடுத்தவன் நீ. குதிரை வளர்ந்தது, தூதோர். ஓடிப்போகாமல் இருக்க நீ முன்கால் இரண்டையும் சேர்த்துப் பூட்டிய சங்கிலி வளரவில்லை. இரண்டு காலுக்கும் நடுவில் தொங்கிய கண்ணிகள் மட்டும்தான் வெளியே தெரிந்தன. மிச்சச் சங்கிலி எங்கே என்று குனிந்து தேடினேன். தோல் அதன்மேல் மூடி வளர்ந்திருந்தது. நாற்றம் தாங்காமல் லெஃப்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டான். நான் திருப்பவில்லை. நம் வீட்டுக் குதிரை.

சங்கிலி இருப்பதைப் பார்த்துக்கொண்டேதானே இருந்தாய், ஒரு நாள் அவிழ்த்துவிட்டால் என்ன என்று அவனைப் பிடித்து உலுக்கினேன். அவனுக்குக் கோபம் வந்துவிட்டது. "என்னக்கா பேசறீங்க? அடுத்தவன் குதிரைச் சங்கிலில நான் எப்படிக் கை வைப்பேன்? நாளைக்குக் குதிரை காணாமப் போனா யாரத் திருடன்னு சொல்லுவாங்க? எங்கப்பா சாகற வரைக்கும் தொட்டதில்ல, நானும் தொட மாட்டேன்" என்றான். நாணல் வெட்டப் போகிறவர்கள் பார்த்திருக்கிறார்கள். ஆட்டிடையர்கள் பார்த்திருக்கிறார்கள். எல்லோரும் யோக்கியர்கள். நம் ஊரில் ஒரு திருடன் இருந்திருந்தால் அந்தக் குதிரை தப்பித்திருக்கும்.

நீ கிளம்பிய அன்று பஸ் வந்து நிற்கும் படகுத் துறையில், சங்கிலியை அவிழ்த்தாயா என்று உன்னிடம் கேட்டேன். "அவுத்து விட்டுட்டுத்தான்க்கா வரேன்" என்றாய். எனக்கு முத்தம் கொடுத்துவிட்டு பஸ் ஏறினாய். நீ திரும்பி வரும்போது அவளைத் துரத்திப் பிடிக்கச் சோம்பல்பட்டுத்தான் சங்கிலியோடு விட்டுவிட்டு வந்திருக்கிறாய். அந்தப் பொய்யை நான் மன்னிக்கவில்லை என்பதை இங்கே எழுதி வைக்கிறேன்.

டவுனிலிருந்து கால்நடை டாக்டர் அக்லாயா வந்தார். முராவை ஊசி போட்டுப் படுக்கவைத்து, சதையைக் கீறி, இரும்பு வெட்டும் பெரிய கத்தரியால் ஒவ்வொரு கண்ணியாக எடுத்தார். பிடித்துக்கொள்ள ஆட்கள் வந்திருந்தார்கள். கழுத்தில் கருவியை வைத்துப் பார்த்தார், சொந்தக்காரர் பெயர் பதிந்த சிப் இல்லை. சிப் வைத்தால் வரிக்காரன் வருவான் என்று நீதான் வைக்கவிடவில்லை. "ஓனர் யாரு?" என்று கேட்டார். எல்லோரும் அவரவர் பூட்ஸைப் பார்த்தார்கள். என் தம்பி என்று நான்தான் சொன்னேன். எங்கே என்றார். இத்தாலியில் என்றேன். அவர் திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். கையைக் கழுவிக்கொண்டே, "நான் பாக்கற எல்லாக் குதிரைக்கும் ஓனர் இத்தாலிலதான்மா இருக்காங்க" என்றார்.

அந்தத் திருநாளில் பாதிரியார் முராவின் நெற்றியில் புனித நீர் தெளித்ததும், பந்தயத்தில் அவள் முதலில் வந்ததும், உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு பையன்கள் தெருவெல்லாம் கத்தியதும் எனக்கு மறக்கவில்லை. நானும் வாசலில் நின்று கைதட்டினேன். உனக்குக் குதிரை வேண்டியது அந்த ஒரு காலைப் பொழுதுக்கு மட்டும்தான் என்று அப்போது தெரியவில்லை. மற்ற நாளெல்லாம் அது எங்காவது உயிரோடு இருந்தால் போதும் உனக்கு.

முரா இப்போது நம் லாயத்தில்தான் இருக்கிறாள். உன்னிடம் நான் கேட்பது இரண்டுதான். குட்டி வேண்டாம் என்று லெஃப்டருக்குச் சொல்லிவிடு. முரா இனி என் குதிரை என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பு; டாக்டர் என் பெயரில் சிப் வைத்துவிடுவார். பிற்பாடு உனக்கு வேறு குதிரை வாங்கும் ஆசை வந்தால், அதன் பல்லைப் பிடித்துப் பார்க்கும் முன் ஒன்று யோசி. நீ ஊரில் இல்லாத நாளில் அதற்குத் தண்ணீர் காட்டப் போவது யார்? குளம்பைப் பார்க்கப் போவது யார்? அவர் பெயரைச் சொல்ல முடிந்தால் வாங்கு. "யாராச்சும் பாத்துப்பாங்க" என்றால், அந்த யாரோ இங்கே யாரும் இல்லை.

அங்கே குளிர் வந்திருக்கும். சாரத்தில் ஏறும்போது இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொள். அவிழ்த்துவிட ஆள் உண்டா என்றும் பார்த்துக்கொள்.

உனக்கு நல்ல புத்தியைக் கொடுக்கச் சொல்லி மெழுகுவர்த்தி ஏற்றும்,
அக்கா ஸ்மராந்தா


டிசம்பர் கடைசி

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய தாள் வந்து சேர்ந்தது. கையெழுத்து நன்றாக இருக்கிறது. அதன் கீழே "நொண்டிக் குதிரைய நீயே வெச்சுக்கோ, கறிக்குக் குதிரை வாங்கற வண்டிக்காரன் வந்தா விலை கேட்டுப் பாரு" என்று எழுதியிருந்தாய். அந்தப் பகுதியைக் கத்தரித்து அடுப்பில் போட்டுவிட்டு மேல்பாதியை டாக்டரிடம் கொடுத்தேன். முரா இப்போது சட்டப்படி என் குதிரை. அவள் கழுத்தில் இருப்பது என் பெயர்.

குட்டியை மட்டும் நீ நிறுத்தவில்லை. கிறிஸ்துமஸுக்குப் பன்றி அடிக்கும் வாரத்தில் லெஃப்டர் அதை வாசலுக்கே ஓட்டி வந்துவிட்டான். இன்னும் கால் தடிக்காத சின்னக் குட்டி. நெற்றியில் சிவப்புக் குஞ்சம். அவன் சட்டைப் பையில் என்னவோ குலுங்கியது. கேட்டால், "குதிரையோட சேத்துக் குடுத்தாங்கக்கா, இனாமா" என்று ஒரு புதுக் கால் சங்கிலியை எடுத்துக் காட்டினான். வாசற்கதவை நான் திறக்கவே இல்லை. நண்பனுக்குக் கொடுத்த வாக்கு, ஊரில் தலைகாட்ட முடியாது என்று நெடுநேரம் சண்டை போட்டான். உள்ளே லாயத்திலிருந்து முரா தலையை நீட்டினாள். அவளைப் பார்த்ததும் குட்டியைத் திருப்பி ஓட்டிக்கொண்டு போய் சந்தைக்காரனிடமே விட்டுவிட்டான். நீ போனில் அவனைத் திட்டியது எனக்குத் தெரியும். அவனைத் திட்டாதே, கதவைத் திறக்காதவள் நான்.

எனக்கு ஊரில் புதுப் பெயர் கிடைத்திருக்கிறது. தீவில் இன்னும் சில குதிரைகள் சங்கிலியோடு நின்றன. சொந்தக்காரர்கள் வந்து அவிழ்க்கட்டும், இல்லாவிட்டால் சங்கிலியை நாங்கள் வெட்டுவோம் என்று டாக்டரும் நானும் கோயில் வாசலில் நின்று சொன்னோம். இரண்டு பேர் வந்தார்கள். மற்றக் குதிரைகளின் சங்கிலியை நாங்களே வெட்டினோம். இப்போது கடைக்குப் போனால், "வந்துட்டாடா சங்கிலித் திருடி, பைய மூடு" என்று கிண்டல் செய்கிறார்கள். பூசையில் என் பக்கத்தில் நின்றவர்கள் ஒரு தூண் தள்ளி நிற்கிறார்கள். லெஃப்டர் மட்டும் யாரிடமும் சொல்லாமல் தன் குதிரையின் சங்கிலியை அவிழ்த்து ஆற்றில் எறிந்துவிட்டு வந்திருக்கிறான். அதைப் பற்றி நான் பேச்செடுத்தால் மீனைப் பற்றிப் பேசுகிறான்.

முராவின் புண் ஆறி வருகிறது. தினமும் உப்புத் தண்ணீரில் கழுவி மருந்து வைக்கிறேன். கோணிப்போன குளம்பை லாடக்காரர் வெட்டிச் சரிசெய்தார். ஓட்ஸ் தின்கிறாள், கொஞ்சம் சதை பிடித்திருக்கிறது. எலும்புக்குச் சேதமில்லை, நடக்கத் தடையில்லை என்கிறார் டாக்டர். ஆனால் சங்கிலி போனது அவளுக்குத் தெரியவில்லை. முன்கால் இரண்டையும் சேர்த்தேதான் தூக்கினாள். தினமும் முன்னால் நடந்து, கூப்பிட்டு, கையில் கேரட்டைக் காட்டி, கெஞ்சி, அதட்டி எல்லாம் பார்த்தேன். கிறிஸ்துமஸுக்கு முன்னால் ஒரு நாள் விடிகாலையில், தண்ணீர்த் தொட்டியைப் பார்த்து இடது காலை வைத்தாள். பிறகு வலது. மறுபடி இடது. நான் வாளியைக் கீழே போட்டுவிட்டு அழுதேன். யாரோ செத்துவிட்டதாக நினைத்துப் பக்கத்து வீட்டுக்காரர்கள் ஓடி வந்தார்கள்.

இனிமேல் எழுதப்போவதை ஞாயிற்றுக்கிழமை நீ போனில் பேசியபோதே சொல்லியிருக்க வேண்டும்.

அன்று நீ நல்ல மனநிலையில் இருந்தாய். "போனை முரா காதுல வை அக்கா. நான் சீழ்க்கை அடிக்கறேன், எப்படி ஓடி வரும் பாரு. என்னை மறக்கவே மறக்காது" என்றாய். நான் லாயத்துக்குப் போய் வைத்தேன். இரண்டு விரலை வாயில் வைத்து நீ எப்போதும் அடிக்கும் அந்த நீளச் சீழ்க்கையை அடித்தாய். பிறகு "என்ன பண்ணிச்சு? சொல்லுக்கா, என்ன பண்ணிச்சு?" என்று குழந்தை மாதிரி கேட்டாய். சிக்னல் சரியில்லை என்று சொல்லி போனை வைத்துவிட்டேன். அந்த வித்தையை உன்னிடமிருந்துதான் கற்றேன்.

நீ சொன்னது சரிதான், அவள் உன்னை மறக்கவில்லை. தின்றுகொண்டிருந்தவள் நிறுத்தினாள். முன்கால் இரண்டையும் மெல்ல நகர்த்தி, ஒட்டி, நடுவில் விரல் நுழையாதபடி சேர்த்து வைத்தாள். தலையைத் தாழ்த்திக்கொண்டு அப்படியே நின்றாள். நீ வந்து பூட்டுவாய் என்று காத்திருந்தாள், தூதோர். நான் வைக்கோலில் மண்டியிட்டு ஒரு காலைக் கையால் பிரித்து வைத்தேன். அவள் மறுபடி சேர்த்து வைத்தாள்.

நீ என் கூடப் பிறந்தவன். இந்த வீடு உன் வீடு. திருநாளுக்கு வா. முன்னறையில் படுக்கை விரித்து வைக்கிறேன், கோஸ் இலையில் கறி சுருட்டி வைக்கிறேன், தீய்ந்த ஜாமும் இருக்கிறது. பந்தயத்தைத் தெருவோரம் நின்று பார், உடம்புக்கு ஒன்றும் ஆகாது. போகிற இடமெல்லாம் ஆண்டவர் உன்னை விழாமல் பிடித்துக்கொள்ளட்டும்.

பஸ்ஸை விட்டு இறங்கித் தெருமுனை திரும்பும்போது பழக்கத்தில் விரல் வாய்க்குப் போகும். அதை மட்டும் செய்யாதே. சத்தமில்லாமல் நடந்து வந்து கதவைத் தட்டு, நான் திறக்கிறேன். உனக்குப் புண்ணியமாகப் போகும்.

உன்,
அக்கா