மேனேஜர் சாப்பிடவில்லை

ஜூன் 3

அன்புள்ளவளுக்கு,

நான் நலம். நீயும் உன் தங்கையும் நலமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். தங்கையின் முதுகுவலி எப்படி இருக்கிறது? தையல் மெஷின் முன்னால் குனிந்தே உட்கார்ந்திருக்க வேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல். சொல்ல வேண்டாம் என்று உனக்குத் தோன்றினால் விட்டுவிடு.

சமையலறைக் குழாய் சொட்டுவது நின்றுவிட்டது. நான் எதுவும் செய்யவில்லை, தானாகவே நின்றது. மேல் வீட்டு டிரைவர் உன்னை விசாரித்தார். “அக்கா எப்ப சார் வருவாங்க? உங்க வீட்ல ஆள் இருக்கா இல்லையான்னே தெரியலை” என்றார். நான் சிரித்து வைத்தேன்.

இதை எழுதலாமா என்று காலையிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன். மேனேஜர் நேற்று மாலையிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை. கொத்தமல்லியை முகர்ந்து பார்த்தார். பிறகு, அச்சகத்தில் நான் நீட்டும் தாளை அந்த நிஜ மேனேஜர் ஒதுக்குவாரே, அதே மாதிரி மூக்கால் ஒதுக்கிவிட்டார். காய்ந்த புல் வைத்தபடியே கிடக்கிறது. கூண்டைக் கூட்டியபோது புழுக்கை மிகக் குறைவு. இருந்ததும் மிளகைப் போலச் சிறுத்து, கரடுமுரடாக இருந்தது. உன் மெஷின் இருந்த மூலையில் முதுகைக் கூனிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். வயதாக இருக்குமோ, வெயிலாக இருக்குமோ தெரியவில்லை. முயலுக்குக் குடல் ஓயாமல் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், மந்தமானால் ஆபத்து என்று நூலகப் புத்தகம் ஒன்று சொல்கிறது. ஆனால் அது பழைய பதிப்பு.

டாக்டரிடம் கொண்டுபோகலாமா, ஒரு நாள் பொறுத்துப் பார்க்கலாமா? உன் கருத்தை எழுது. போனில் பேசிக்கொள்ள வேண்டாம் என்ற நம் ஏற்பாட்டை மதித்துத்தான் தபாலில் கேட்கிறேன்.

அன்புடன்,
உன் கணவன்


ஜூன் 7

அன்புள்ள உங்களுக்கு,

கடிதம் இன்றுதான் வந்தது. நின்றபடியே படித்தேன். நீங்கள் கேட்டு, அது இங்கே வந்து, நான் பதில் எழுதி, அது அங்கே வந்து சேர்வதற்குள் அவன் என்ன ஆவான்? இன்னும் போகாமல் இருந்தால் இதைக் கீழே வைத்துவிட்டுக் கிளம்புங்கள். கூடை அலமாரிக்கு மேலே பழைய போர்வைக்குப் பின்னால் இருக்கிறது. உள்ளே துண்டு விரியுங்கள், இல்லாவிட்டால் அவனுக்குக் கால் வழுக்கும்.

போன் வேண்டாம் என்று நான் சொன்னதற்குக் காரணமே வேறு. போனில் நான் பேசுவேன், நீங்கள் மூச்சு விடுவீர்கள். காகிதம் கிடைத்தால்தான் உங்களுக்கு வாய் வரும் என்று அப்படிச் சொன்னேன். அவசரத்துக்குத் தடை இல்லை. கூப்பிடுங்கள்.

ஆயுசு முழுக்க அச்சகத்தில் மெய்ப்புத் திருத்தினீர்கள். பிழை என்று பளிச்சென்று தெரிந்தாலும் உங்கள் கை அதை அடிக்காது. ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போட்டு, எழுதியவருக்கே திருப்பி அனுப்புவீர்கள். அங்கே அதற்கு நல்ல பெயர் கிடைத்தது. வீட்டிலும் அதைத்தான் செய்தீர்கள். திரைச்சீலைக்கு என்ன நிறம், கல்யாணத்துக்குப் போவதா வேண்டாமா, காய்ச்சலுக்கு மாத்திரை போடுவதா, எல்லாவற்றுக்கும் ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போட்டு என்னிடம் நீட்டினீர்கள். எனக்கு அலுத்துப்போய்விட்டது. வேறு எதற்கும் இல்லை, அதற்குத்தான் தங்கச்சி வீட்டுக்கு வந்தேன். ஒரு மேனேஜரையாவது இந்த மனிதர் பயப்படாமல் கையில் தூக்கட்டும் என்றுதான் முயலுக்கு அந்தப் பெயரை வைத்தேன். அவனையும் ‘அவர்’ என்றே எழுதுகிறீர்கள்.

இன்னொன்று. தங்கச்சியின் தையல் கடைக்கு மேலே உள்ள அறை காலியாகிறது. “உன் பேருக்கே பேசி முடிச்சிடட்டுமாக்கா, இல்ல திரும்பிப் போறியா? சும்மா என் கட்டில்ல பாதியைப் புடிச்சிக்கிட்டு உருண்டுக்கிட்டிருக்காத” என்கிறாள் தங்கச்சி. மாதக் கடைசிக்குள் சொல்வதாகச் சொல்லியிருக்கிறேன். நீங்கள் ‘வா’ என்று எழுதினால் வருகிறேன். ‘வராதே’ என்று எழுதினாலும் புரிந்துகொள்வேன். இரண்டில் ஒன்றை எழுதுங்கள்.

கழுத்துக்குப் பின்னால் தடவிக் கொடுங்கள், காதைத் தொட வேண்டாம். அவனைத்தான் சொல்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் மனைவி


ஜூன் 11

அன்புள்ளவளுக்கு,

உன் கடிதம் வருவதற்கு முன்பே டாக்டரைப் பார்த்தாயிற்று. பெருமை எனக்கில்லை. மறுநாள் காலை வாசலில் நின்று யோசித்துக்கொண்டிருந்தேன். டிரைவர் பார்த்துவிட்டு, “சார், நீங்க யோசிச்சு முடிக்கிறதுக்குள்ள முயலு கிளம்பிடும். ஏறுங்க வண்டியில” என்றார். கூடையைத் தேட நேரமில்லை. அட்டைப்பெட்டியில் வைத்துக் கொண்டுபோனோம்.

டாக்டர் சின்ன வயதுப் பெண். மேனேஜரின் வயிற்றில் குழாயை வைத்து வெகுநேரம் கேட்டார். “சத்தமே இல்ல சார். இந்நேரம் உள்ள கடமுடான்னு ஓடிக்கிட்டிருக்கணும்” என்றார். பல் பார்த்தார், பல்லில் கோளாறு இல்லை. “வீட்ல ஏதாவது மாறுச்சா? இதுங்க வெளிய காட்டிக்காது. கூட இருந்தவங்க இல்லைன்னாக்கூட சாப்பாட்டை விட்டுரும்.”

ஒன்றும் மாறவில்லை என்றேன். கதவு வரை போன பிறகு திரும்பி வந்து, வீட்டில் ஒருத்தர் ஊருக்குப் போயிருக்கிறார் என்றேன்.

“எப்ப வருவாங்க?”

“கேக்கணும்.”

“கேளுங்க” என்றார், மருந்துச் சீட்டிலிருந்து தலையைத் தூக்காமலேயே.

வலிக்கு ஒரு மருந்து, குடலை ஓட வைக்க ஒரு மருந்து. டாக்டர் கொடுத்த தீவனத் தூளைத் தண்ணீரில் கூழாகக் கரைத்து, ஊசி இல்லாத சிரிஞ்சில் எடுத்து, கடைவாய் ஓரமாகக் கொஞ்சம் கொஞ்சமாக ஊட்ட வேண்டும். நேராக ஊட்டினால் மூச்சுக்குழலில் போய்விடும். பட்டினி மட்டும் போடவே கூடாதாம். அவரைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொள்கிறேன். முதல் நாள் கூழில் பாதி என் சட்டையில். மிச்சத்தை அவர் என் முகத்தில் தும்மிவிட்டார். பிறகு வயிற்றை முன்னிருந்து பின்னாக மெதுவாக நீவிவிடுகிறேன். என் கை கனமோ என்று ஒவ்வொரு தடவையும் சந்தேகம் வருகிறது.

கூட்டமாகச் சாப்பிடும் பிராணி, பக்கத்தில் யாராவது மென்றால் தானும் மெல்லும் என்றும் டாக்டர் சொன்னார். உனக்கு மூலையில் உட்கார்ந்து கேரட் கடிக்கும் பழக்கம் உண்டு. நானோ மேஜையில் சாப்பிடுகிறவன். அதனால் முட்டியைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து, ஒரு புல்லை எடுத்து வாயில் வைத்து மென்றேன். கசப்பில்லை, பழைய காகிதத்தின் வாசனை. அந்த நேரம் பார்த்து டிரைவர் உள்ளே வந்துவிட்டார். “என்ன சார், பென்ஷன் பத்தலையா?” என்றார். நான் பதில் சொல்வதற்குள் மேனேஜர் என் வாயிலிருந்த புல்லின் மறுமுனையைப் பிடித்து இழுத்தார்.

இன்று காலை கூண்டில் புழுக்கை! உருண்டையாக, நல்ல அளவில். யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. மேல் வீட்டுக் கதவைத் தட்டிச் சொன்னேன். திறந்தது டிரைவரின் மனைவி. “வாழ்த்துகள் சார்” என்றார்.

அறையைப் பற்றி எழுதியிருந்தாய். இந்தப் பத்தியைப் பல தடவை எழுதிக் கிழித்தேன். வராதே என்று சொல்ல எனக்கு மனமில்லை. வா என்று சொன்னால் உன்னைக் கட்டாயப்படுத்துவதாக ஆகிவிடாதா? உனக்கு எது நல்லதோ அதுவே எனக்கும். நீயே முடிவு செய்வதுதானே நியாயம்?

அன்புடன்,
உன் கணவன்


ஜூன் 15

அன்புள்ள உங்களுக்கு,

புழுக்கை வந்த செய்தியைத் தங்கச்சிக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். ஊசியில் நூல் கோக்க முடியாமல் சிரித்தாள். நீங்கள் புல் மென்ற இடத்தில் சிரிப்பை நிறுத்திவிட்டு, “ஏன்க்கா, மாமா உன் முன்னாடி இப்படி என்னைக்காவது உக்காந்திருக்காரா?” என்று கேட்டாள். நான் பொத்தான் டப்பாவைத் தேடுவதுபோல எழுந்து போய்விட்டேன்.

கடைசிப் பத்தியை அவளுக்குப் படிக்கவில்லை. அதில் இரண்டு கேள்விக்குறிகள் இருக்கின்றன. நான் கேட்டது ஒரு வார்த்தை. முயலுக்காகப் புல்லை மென்றீர்கள். எனக்காக ஒரு வார்த்தையை மென்று விழுங்காமல் சொல்லியிருக்கலாம்.

மாதம் இன்னும் முடியவில்லை. அவன் நன்றாகச் சாப்பிட ஆரம்பித்தாலும் கூழை உடனே நிறுத்த வேண்டாம். உங்களுக்கும் ஏதாவது சமைத்துச் சாப்பிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மனைவி


ஜூன் 19

அன்புள்ளவளுக்கு,

நேற்று மேனேஜரின் வயிறு திடீரென்று உப்பிவிட்டது. தட்டினால் பறைபோலச் சத்தம். பல்லை நறநறவென்று கடிக்கிறார். அது வலியின் சத்தமாம். இன்று டாக்டர் எக்ஸ்ரே எடுத்தார். உள்ளே ஏதோ அடைத்துக்கொண்டிருக்கிறது. மேனேஜர் நக்கி விழுங்கிய சொந்த முடியாகவே இருக்கலாம் என்றார். முயலால் வாந்தி எடுக்கவும் முடியாது. கூழை நிறுத்தச் சொல்லிவிட்டார்.

“ரெண்டு வழிதான் சார். ஆபரேஷன் பண்ணலாம், ஆனா இந்த வயசுல மயக்கத்திலேருந்து எழுந்திருக்கிறது கஷ்டம். இல்லைன்னா வலி இல்லாம தூங்க வெச்சிடலாம். எதுன்னாலும் சீக்கிரம். நாளைக்குக் காலையில சொல்லிடுங்க.”

“வீட்ல கேட்டுச் சொல்றேன்” என்றேன்.

வீட்டுக்கு வந்ததும் உனக்குப் போன் செய்தேன். நீ எடுத்து “ஹலோ” என்றாய். பிறகு இன்னொரு தடவை “ஹலோ” என்றாய். பின்னால் மெஷின் ஓடும் சத்தம் கேட்டது. எனக்கு வாக்கியம் வரவில்லை. வைத்துவிட்டேன். நான்தான் என்று உனக்குத் தெரிந்திருக்கும்.

அதனால் எழுதுகிறேன்.

அ. ஆபரேஷன்.
ஆ. வலியில்லாமல் அனுப்பிவிடுவது.

ஓரத்தில் இடம் விட்டிருக்கிறேன். எது சரி என்று படுகிறதோ அதற்கு நேராகக் குறியிட்டால் போதும், வேறு எதுவும் எழுத வேண்டியதில்லை. உன் வேலை கெடக் கூடாது என்று, நம் முகவரி எழுதி, தபால்தலை ஒட்டி, பதில் உறை ஒன்றையும் உள்ளே வைத்திருக்கிறேன்.

வலிக்கு மருந்து கொடுத்திருக்கிறார்கள். என் காலருகே படுத்திருக்கிறார்.

அன்புடன்,
உன் கணவன்


ஜூன் 22

அன்புள்ள உங்களுக்கு,

நேற்று மதியம் உங்கள் கடிதம் வந்ததும் கடையிலிருந்தே போன் செய்தேன். நீங்கள் எடுத்தீர்கள். “வலியில்லாம அனுப்பிடுங்க, இப்பவே போங்க” என்றேன். நீங்கள் “சரி” என்றீர்கள். அவ்வளவுதான் பேசினோம், ஆனாலும் பேசினோம். அவன் போய்ச் சேர்ந்திருப்பான் இந்நேரம். நான் கடையின் பின்பக்கம் போய்க் கொஞ்ச நேரம் அழுதேன்.

உறையைத் திருப்பி அனுப்புகிறேன். உங்கள் அ, ஆ எதற்கு நேராகவும் குறி போடவில்லை. தபால்தலையை அத்தனை நேராக ஒட்டியிருந்தீர்கள். ஓர் உயிர் காலடியில் பல்லைக் கடித்துக்கொண்டிருக்கும்போது, இந்த மனிதர் உட்கார்ந்து உறையின் நான்கு ஓரமும் பார்த்துத் தபால்தலை ஒட்டியிருக்கிறார். கல் நெஞ்சமாக இருந்திருந்தால் எனக்குக் கோபம் வந்திருக்கும். உங்களுக்கு நெஞ்சம் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அதனால்தான் பயமாகிவிட்டது. நாளைக்கு நான் விழுந்து கிடந்தாலும், என்ன செய்வதென்று கேட்டு எனக்கே எழுதிப் போடுவீர்கள்.

இன்று காலை அறைக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். சின்ன அறைதான். ஜன்னலுக்கு என்ன நிறத் திரை என்று யாரும் என்னைக் கேட்கவில்லை. நானே போய் வாங்கினேன்.

உங்கள் மேல் வருத்தம் இல்லை. சளி பிடித்தால் வெந்நீர் குடியுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மனைவி


ஜூன் 26

அன்புள்ளவளுக்கு,

நீ போன் செய்தபோது மேனேஜர் உயிரோடு இல்லை. காலையிலேயே போய்விட்டான். நீ “அனுப்பிடுங்க” என்றபோது அவன் துண்டில் சுற்றி என் மடியில் கிடந்தான். நான் “சரி” என்றேன். அந்தச் சரிக்கு அர்த்தம் எதுவும் இல்லை.

அவன் வலியில்லாமல் போகவில்லை. டாக்டர் சொன்னபடி மறுநாள் காலையே போனேன். கடிதம் போட்டிருக்கிறேன், பதில் வந்ததும் சொல்கிறேன் என்றேன். “லெட்டரா?” என்றார். “சார், அதுக்கு அவ்வளவு நேரம் இல்ல” என்றார். இன்னும் கொஞ்சம் வலி மருந்து வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். மறுநாள் விடிந்ததும் அவன் கழுத்தைப் பின்னால் வளைத்து ஒரு தடவை கத்தினான். முயலுக்குக் குரல் உண்டு என்று எனக்கு அதுவரை தெரியாது. டாக்டரிடம் நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவன் கத்தியிருக்க வேண்டியதில்லை. நீ வேறு மாதிரி நினைத்துக்கொண்டிருக்கக் கூடாது என்பதற்காக இதை எழுதுகிறேன்.

டிரைவர் மண்வெட்டி கொண்டுவந்தார். “எங்க சார் தோண்டட்டும்?” என்றார். வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்று வாய் வரை வந்துவிட்டது. பின்பக்கம், நீ துணி உலர்த்தும் கம்பிக்குக் கீழே தோண்டச் சொன்னேன். “இங்கயா?” என்று கேட்டார். இங்கேதான் என்றேன். அவர் மேற்கொண்டு எதுவும் கேட்காமல் தோண்டினார்.

மிச்சம் இருந்த புல்லை இன்னும் அப்புறப்படுத்தவில்லை. மாலையில் மூலையில் உட்கார்ந்தேன். வேறொன்றும் செய்யவில்லை.

நீ கையெழுத்துப் போட்டுவிட்டாய். திரையும் வாங்கிவிட்டாய். அச்சாகி, கட்டுக்கட்டி, வண்டியேறிப் போய்விட்ட புத்தகத்தில் பிழை கண்ணில் பட்டால் நான் யாரிடமும் வாய் திறந்ததில்லை. சொல்லி ஆகப்போவது ஒன்றுமில்லை என்பதால். இதிலும் ஒன்றும் ஆகப்போவதில்லை என்று தெரிந்தேதான் எழுதுகிறேன்.

வா.

இந்த ஒரு வார்த்தையை இன்று காலை எழுதினேன். மாலையில் எடுத்துப் பார்த்தேன். ஓரத்தில் எதுவும் போடவில்லை.

இத்துடன் பதில் உறை வைக்கவில்லை.

உன் கணவன்