நீலச் சேலை மாயக்காரி

வலது உள்ளங்கையில் இன்னும் மஞ்சள் பெயிண்ட் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தும் முழுதாகப் போகவில்லை. சோற்றைப் பிசையும்போது அந்த வாடை மூக்கில் ஏறியது. தட்டை நகர்த்தி வைத்துவிட்டு உனக்கு எழுத உட்கார்ந்தேன். இன்று ஒரு சுவர்ப்படம் பார்க்கப் போன இடத்தில், பக்கத்துக் கடையின் ஈரக் கதவில் கை வைத்துவிட்டேன். கூட வந்தவள் உன் மகள். உன் முதல் திதிக்காகக் கோலாலம்பூரிலிருந்து வந்திருக்கிறாள்.

நாம் ஒரே ஆபீசில் இருந்தபோது, சனிக்கிழமை அரை நாள் வேலை முடிந்து நான் படி இறங்குவதற்குள் நீ மோட்டாரைக் கிளப்பி வைத்திருப்பாய். "ஏறு லா, வெயில் சாயறதுக்குள்ள பார்த்துடலாம்" என்பாய். மலாக்கா சந்துகளில் மாயாஜாலச் சுவர்ப்படங்கள் ஒவ்வொன்றாக முளைத்த காலம் அது. ஆற்றோரத்து வீட்டின் பின்சுவரில் பறக்கும் கம்பளம். பழைய சாமான் கடையின் பக்கவாட்டில், தொப்பிக்குள்ளிருந்து கிளம்பும் கொக்குகள். வந்தவர்கள் எல்லாம் கம்பளத்தின்மேல் உட்கார்ந்தமாதிரி நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். நீ மட்டும் மூக்கு இடிக்கும் அளவுக்குச் சுவரை நெருங்குவாய். "படத்தை அப்புறம் பாரு. முதல்ல சுவர்ல என்ன கோளாறுன்னு பாரு."

அப்படிப் பார்த்த பிறகுதான், கம்பளத்தின் குஞ்சம் ஒரு வெடிப்பு என்பது எனக்குத் தெரிந்தது. தொப்பியிலிருந்து எழும் புகை, மழைநீர் வழிந்த கறை. ஒருநாள் நீ சுவரைத் தட்டித் தட்டிப் பார்ப்பதைக் கண்ட சீனக் கடைக்கார அங்கிள், நகராண்மைக் கழகத்திலிருந்து வருகிறீர்களா என்று பயந்துபோய் மலாயில் கேட்டார். நீ சிரிக்காமல் தலையாட்டினாய். இரண்டு கிளாஸ் பார்லி தண்ணீர் வந்தது. "குடி, குடி. ஆபீசர் மாதிரி குடி" என்று என் காதில் சொன்னாய்.

பிறகு சர்க்கரை உன் கண்ணுக்குப் போனது, அதற்கப்புறம் சிறுநீரகத்துக்கு. வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். மெர்லிமாவ் வீட்டை விட்டு நீ வேறெங்கும் போவதில்லை. போனில் படம் அனுப்பினால் உனக்கு வெளிச்சமும் இருட்டும்தான் தெரியும். அதனால் சனிக்கிழமைதோறும் நான் ஒரு சுவருக்கு முன்னால் நின்று உன்னைக் கூப்பிடுவேன். "இடப்பக்கம் மேலேருந்து ஆரம்பி" என்பாய். நான் சொல்லச் சொல்ல, நீ குறுக்குக் கேள்வி கேட்பாய்.

இனி எழுதப்போவதை உன்னிடம் சொன்னதில்லை.

தஞ்சோங் கிளிங்கில், என் வீட்டுக்குப் பத்து நிமிஷத் தூரத்தில் புதிதாக ஒரு மேஜிக் படம் வந்திருப்பதாக ரேடியோவில் கேட்டுச் சொன்னாய். அந்தச் சனிக்கிழமை எனக்கு எழுந்திருக்கவே மனசில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை, வெறும் சோம்பல். நீ கூப்பிட்டபோது கட்டிலில் படுத்திருந்தேன். "முன்னாலதான் நிக்கிறேன்" என்றேன். சாலைச் சத்தம் உனக்குக் கேட்கட்டும் என்று ஜன்னலைக்கூடத் திறந்துவிட்டேன்.

நீலச் சேலை கட்டிய ஒரு மாயக்காரி என்றேன். இரண்டு கையாலும் ஒரு துணியை விரித்துப் பிடித்திருக்கிறாள் என்றேன்.

"துணிக்குப் பின்னால என்ன?"

"மறைக்குதே, எப்படித் தெரியும்?"

"அப்ப வரைஞ்ச ஆளு கெட்டிக்காரன் லா!"

அந்தப் படம் உன்னை விடவே இல்லை. மறுநாளே கூப்பிட்டாய்: "புலாவ் செபாங் ரயிலு பின்னால நிக்குது, பாரேன்." அடுத்த வாரம், "நம்ம பாஸ்தான். துணியை எடுத்தா, இன்னும் லெட்டர் டைப் பண்ணலையான்னு கேப்பாரு." நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே, இன்றைக்குச் சொல்லிவிடுவோம், நாளைக்குச் சொல்லிவிடுவோம் என்று தள்ளிப்போட்டேன். மூன்றாவது வாரம் செவ்வாய்க்கிழமை டயாலிசிஸுக்குப் போன நீ வீடு திரும்பவில்லை. அதற்குப் பிறகு அந்தச் சாலை வழியாகப் போவதையே நிறுத்தியிருந்தேன்.

இன்று காலை உன் மகள் வந்து நின்றாள். "அம்மா சொன்ன நீலச் சேலை மேஜிக்காரியைப் பார்க்கணும் ஆன்ட்டி." வேண்டாம் என்று சொல்லத் தைரியமில்லை, காரில் வைத்துச் சொல்லவும் வாய் வரவில்லை. போய்ச் சேர்ந்தோம். சுவரில் வேறு யாரோ இருந்தார்.

"நீலச் சேலை எங்க?"

தடுமாறிப் பக்கத்துக் கதவைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன்.

"ஆஸ்பத்திரியிலயும் அம்மா அந்தப் படத்தைப் பத்தித்தான் சொன்னாங்க. பத்து நிமிஷம்தானே ஆன்ட்டி? போயிருக்கலாம்ல?"

திரும்பிக் காரில் ஏறிவிடுவாள் என்று நினைத்தேன். ஏறவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு சுவருக்குப் பக்கத்தில் போனாள். உன்னைப்போலவே, மூக்கு இடிக்கும் அளவுக்கு. "சரி, இதுல என்ன இருக்கு, சொல்லுங்க" என்றாள்.

அவளுக்குச் சொன்னதை இப்போது உனக்கும் சொல்கிறேன். இடப்பக்கம் மேலே ஏர்கான் பெட்டி. படம் வரைந்த பிறகு வைத்தது, ஒரு புறாவைப் பாதி மறைக்கிறது. அதற்குக் கீழே ஒல்லியான ஒரு கிழவர், கறுப்புக் கோட்டு, கைலி. சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் நிஜக் குழாய்தான் அவருடைய மந்திரக்கோல். அது சொட்டுகிறது. சொட்டும் இடத்தில் ஒரு பூனை வாயைத் திறந்துகொண்டிருக்கிறது. சுவரின் கோளாறு அங்கேதான், கீழே முழுக்கப் பாசி, அதையே புல்லாக்கியிருக்கிறார்கள். கிழவர் பூனையையும் பார்க்கவில்லை, புறாவையும் பார்க்கவில்லை. கூட்டம் இன்னும் இருக்கிறதா என்று நம்மைத்தான் பார்க்கிறார். காலில் ரப்பர் ஜப்பான் சிலிப்பர். வலது சிலிப்பரின் வார் அறுந்து, ஊக்குப் போட்டிருக்கிறது.

கட்டிலில் படுத்துக்கொண்டு கதை கட்டியிருந்தால் அந்த ஊக்கு எனக்குத் தோன்றியிருக்காது. அதைப் பார்த்ததும், பழக்கத்தில் உன் நம்பரைக் கூப்பிடப் போனேன்.