வாளிக்கு ஒரு மூடி

அன்புள்ள வாலுவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சுகம். அந்தக் குளிரில் உன் இருமல் நின்றதா என்பதுதான் எங்கள் முதல் கேள்வி. இம்முறை விஷயம் நிறைய. நடுவில் வழி தவறிவிடுவேனோ என்ற பயத்தில் பட்டியல் போட்டுக்கொள்கிறேன், சிரிக்காதே.

1. குடியிருப்புச் சங்கக் கூட்டத்தில் நான் எழுந்து பேசியது. (ஆம், நான்தான்.)
2. ஹீட்டரின் "செயல்திறன்" என்பதன் உண்மைப் பொருள்.
3. எந்த மின்கருவியும் தான் எடுத்துக்கொள்ளும் மின்சாரத்துக்கு மேல் வெப்பம் தராது என்பது.
4. நீ கேட்ட "பாதிக் கரண்ட்" அறை ஹீட்டரை வாங்கலாமா.
5. அம்மாவின் முழங்கால்.

ஐந்தாவதை முதலில் சொல்லாவிட்டால் அம்மா கடிதத்தை உறையில் போட விடமாட்டாள். முழங்கால் தேவலை. படி ஏறும்போது மட்டும் என்னைத் திட்டுகிறாள், படிக்கட்டைக் கட்டியவன் நான்தான் என்பது போல. இனி முதலாவது. சங்கச் செயலாளரான உன் மாமா போன மாதம் கோட்டுப் போட்ட ஒரு விற்பனையாளரைக் கூட்டத்துக்கு அழைத்து வந்தார். புதுவகைத் தண்ணீர் ஹீட்டர், பாதிக் கரண்டில் அதே சூடு, செயல்திறன் தொண்ணூற்றெட்டு சதவீதம் என்று பளபளப்பான அட்டையில் அச்சிட்டிருந்தது. எல்லா வீட்டுக்கும் வாங்கிவிடலாம், மொட்டைமாடியைச் சரிசெய்ய நான்கு வருடமாகச் சேர்த்த பணத்தை இதற்குத் திருப்பிவிடலாம் என்பது மாமாவின் யோசனை. மேல்தளத்துத் தையல்காரம்மா வீட்டுக் கூரை ஒழுகுவது உனக்குத் தெரியும். மழை வந்தால் அவர் தையல் மிஷினை மூலைக்கு மூலை தள்ளிக்கொண்டுதான் தைக்கிறார், இன்னொரு மழையை அந்தக் கூரை தாங்காது. அன்று அவர் கையிலிருந்த நூல்கண்டைச் சுற்றிக்கொண்டே இருந்தார்.

எனக்கு அந்த அட்டை உறுத்தியது. முப்பத்துநாலு வருடம் அச்சகத்தில் பிழை திருத்தியவன் கண்ணுக்கு அதில் எழுத்துப்பிழை ஒன்றும் தென்படவில்லை, ஆனாலும் எங்கோ பிழை இருந்தது. பாதிக் கரண்ட் மிச்சம் என்றால், நம் பழைய கம்பி ஹீட்டர் பாதியை வீணாக்குகிறது என்றுதானே அர்த்தம்? அந்தப் பாதி எங்கே போகிறது? கம்பி வெளிச்சம் தரவில்லை, சத்தம் போடவில்லை, தண்ணீருக்குள் முங்கிக் கிடக்கிறது. இதை நான் வாய்க்குள் முணுமுணுத்தது மாமா காதில் விழுந்துவிட்டது. "அத்தான், சொல்றதா இருந்தா எழுந்து நின்னு சொல்லுங்க, டீ ஆறுது" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். எழுந்தேன். ஒரு வாரம் கொடுங்கள், அளந்து காட்டுகிறேன் என்று மட்டும் சொல்லி உட்கார்ந்துவிட்டேன். வீட்டுக்கு வந்ததும் அம்மா, "கல்யாணத்தன்னிக்குக்கூட நீங்க இவ்வளவு பேசல" என்றாள்.

கோட்டுக்காரர் மாதிரிக்கு ஒன்றை விட்டுப் போயிருந்தார். அதில் பத்து லிட்டர், நம் கம்பி போட்ட பிளாஸ்டிக் வாளியில் பத்து லிட்டர். இரண்டும் இருபது டிகிரியில் ஆரம்பம், ஒவ்வொன்றுக்கும் மீட்டரில் சரியாக அரை யூனிட் ஓடும்வரை. வெப்பமானி கீழ்க்கடை பேக்கரிக்காரருடையது. பிளக்கைப் பிடுங்கிய பிறகே தண்ணீரில் வைத்தேன், பயப்படாதே. கோட்டுக்காரருடையது அறுபத்திரண்டு. என்னுடையது ஐம்பத்தேழு. தோற்றுவிட்டேன். மறுபடி செய்தேன், மறுபடியும் ஐம்பத்தேழு. மாமாவிடம் மன்னிப்புக் கேட்க வாக்கியங்களைக்கூடத் தயாரித்துவிட்டேன். துணி மடித்துக்கொண்டிருந்த அம்மா எட்டிப் பார்த்து, "அந்தாள் டப்பாவுக்கு ஸ்வெட்டர், தொப்பி எல்லாம் போட்டு வச்சிருக்கான். உங்க வாளி பாவம், அம்மணமா நிக்குது" என்றாள். எனக்குப் பொட்டில் அறைந்தது போலிருந்தது. வாளியைச் சுற்றிப் பழைய கம்பளி, மேலே கம்பிக்கு இடம் விட்டு ஒரு பெரிய தட்டு. அறுபத்தொன்றரை!

அடுத்த கூட்டத்தில் எல்லார் முன்னாலும் இதையே செய்தேன். பேக்கரிக்காரர் உரக்கப் படித்தார்: அறுபத்திரண்டு, அறுபத்தொன்றரை. கோட்டுக்காரர் வெப்பமானி சரியில்லை என்றார். "இதை நம்பித்தான் இருபது வருஷமா அடுப்பு எரிக்கிறேன், ஒரு ரொட்டி கருகினதில்ல" என்று பேக்கரிக்காரர் பாய்ந்ததும் கோட்டுக்காரர் தன் அட்டைகளை அடுக்க ஆரம்பித்தார். அப்போது நான் சொன்னேன், குரல் நடுங்காமல் சொன்னேன், வாலு: கம்பி எந்தக் கம்பியானாலும் வாங்கின கரண்டை எல்லாம் சூடாகத்தான் மாற்றும், அதில் கெட்டிக்காரக் கம்பி, மக்குக் கம்பி என்று கிடையாது. பிறந்த சூட்டை ஓடவிடாமல் வைத்திருப்பதும், தேவைக்கு மேல் சூடாக்காமல் இருப்பதும்தான் சிக்கனம். எந்தக் கருவியும் எடுத்ததற்கு மேல் தராது. கைதட்டினார்கள். மாமாவே முதலில் கையைத் தூக்கி, "சரி, பணம் கூரைக்கே போகட்டும். அரை டிகிரிக்காக அதைத் தூக்கிக் கொடுக்கப் பார்த்தேனே" என்றார். தையல்காரம்மா என்னிடம் வந்து, "அண்ணே, கம்பளி நழுவும். உங்க வாளிக்கு அளவெடுத்து ஒரு சட்டை தச்சுத் தரேன்" என்றார். தைத்தும் தந்துவிட்டார், பொத்தான் வைத்து. மாடி வேலை திங்கட்கிழமை தொடங்குகிறது.

ஆகவே நான்காவது: அந்த அறை ஹீட்டரை வாங்காதே. உன்னிடம் இருப்பதே போதும். கதவடி இடுக்கைத் துணியால் அடை, கனமான திரை போடு, உட்காரும் இடத்துக்குப் பக்கத்தில் வை, சூடு போதுமானதும் தானே அணைகிறதா என்று பார். பல பிளக் சொருகும் நீட்டு ஒயரில் மட்டும் ஹீட்டரை மாட்டாதே, அது உருகிவிடும். வெளியே போகும்போது காதை மூடிக்கொள். நீ எல்லா நலமும் பெற்று நன்றாக இருக்க வேண்டும் என்று இருவரும் மனமார வாழ்த்துகிறோம். அம்மா பின்னிய காலுறை கிடைத்ததா என்று எழுது.

என்றும் உன்
அப்பா

பின்குறிப்பு: உறையை ஒட்டுமுன் எதிர்வீட்டு ஃபிரிட்ஜ் மெக்கானிக்கிடம் பெருமையாகப் பட்டியலைப் படித்துக் காட்டினேன். மூன்றாவதைக் கேட்டதும் அவர் என் கையைப் பிடித்து நம் ஃபிரிட்ஜின் பின்புறம் வைத்தார். "சூடா இருக்கா சார்? இதை கரண்ட் மட்டும் உண்டாக்கல, உள்ள இருந்த சூட்டையும் சேர்த்து வெளியே கடத்துது. இதையே திருப்பி வச்சா, வெளிக்காத்துல இருக்கற சூட்டை வீட்டுக்குள்ள தூக்கிட்டு வரும். ஒரு பங்கு கரண்ட்டுக்கு மூணு பங்கு சூடுகூடக் கிடைக்கும்" என்றார். கூரை முடிவும் அந்தக் கோட்டுக்காரர் கதையும் மாறவில்லை, அவருடையதும் வெறும் கம்பிதான். உன் அறைச் சுவரில் ஏசி இருந்தால் அதில் சூடாக்கும் பொத்தான் உண்டா என்று பார், இருந்தால் முதலில் அதைப் போடு. மூன்றாவதை நான் அடிக்கவில்லை, பிழை என்று ஓரத்தில் சுழித்து மட்டும் வைத்திருக்கிறேன். நான் அத்தனை பேர் முன்னால் உரக்கச் சொன்னது தவறு. ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் மறுபடி எழுந்து நின்று அதைத் திருத்திச் சொல்லப் போகிறேன், டீ ஆறினாலும் சரி.