கன்னத்தை நீட்டிக்கொண்டு வருவார்

அக்கா,

நாளை ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் என்னை நிரந்தரமாக்குகிறார்கள். இங்கே மாண்டிவிடியோ நகரத்தில் நல்ல குளிர்.

என் பழைய வேலைகள் போன விதம் உனக்குத் தெரியும். காலையில் வணக்கம் சொல்வதற்குப் பதில், இந்த ஊர் வழக்கப்படி எல்லாரும் கன்னத்தில் முத்தமிடுவார்கள், நான் கழிவறையில் ஒளிந்துகொள்வேன். "திமிர் பிடிச்சவ" என்பார்கள். ஆட்டிசம், யாராவது தொட்டால் தாங்காது என்று சொல்ல எனக்கு வாய் வராது.

இங்கேயும் ஒளிந்தேன். நேற்று, என்னோடு துணி மடிக்கிற நெல்டா கதவைத் தட்டினாள்.

"வெளிய வாடி. யாரும் உன்னத் தொட மாட்டோம். இத்தன போர்வையையும் யாரு மடிப்பா, ஜனாதிபதியா?"

வந்தேன். எல்லாரும் தூரத்திலிருந்தே கையசைத்தார்கள்.

நாளை பணி ஆணையைத் தர வரும் நிர்வாகிக்கு இதெல்லாம் தெரியாது. கன்னத்தை நீட்டிக்கொண்டுதான் வருவார். நான் ஓடிவிட்டால்?

அக்கா, இதுவரை கைவிட்டுப் போன எந்த வேலைக்கும் நான் அழுததில்லை. இது போனால் அழுவேன்.

உன் தங்கை