மண்ணீரல் கட்டியும் நல்லம்மா அத்தையும்

எல்கடுவ
12.08.2006

அன்பு மகன் சுந்தரலிங்கத்துக்கு அம்மா எழுதுவது. மாரியம்மன் புண்ணியத்தில் நானும் தங்கச்சியும் சுகம். கத்தார் வெயிலில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருக்க வேண்டும். என் வயிற்றுக் காயம் ஆறிவிட்டது, நேற்று கொழுந்து பறிக்கவும் போனேன்.

டெலிபோனில் சொல்லாததை இப்போது எழுதுகிறேன். இடது விலாவுக்குக் கீழே கனத்ததை நான் வாயு என்றுதான் நினைத்திருந்தேன். கண்டியில் ஸ்கேன் பண்ணி மண்ணீரலில் கட்டி என்றார்கள். ஊசி குத்தி எடுத்துப் பார்த்தால் ரத்தம் கொட்டும், முழு மண்ணீரலையும் எடுத்துத்தான் என்ன கட்டி என்று பார்க்க முடியும் என்றார் பெரிய டொக்டர். எடுத்துக் கொழும்புக்கு அனுப்பினார்கள். யாருக்கோ ஒருவருக்கு வருகிற கட்டியாம், அதற்குள் ஒரு வைரஸாம். முழுதாக எடுத்தாயிற்று, ஆறு மாதத்துக்கு ஒரு தரம் ஸ்கேன் பண்ண வேண்டும், காய்ச்சல் வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடிவர வேண்டும் என்றார். வைரஸ் எல்லாரிடமும் இருப்பதுதான், சின்னதிலேயே எச்சிலில் வந்து பேசாமல் கிடக்கும், தனக்கும் இருக்கும் என்று சிரித்தார். நான் மென்று ஊட்டியதில் உனக்கும் வந்திருக்கும், பயப்படாதே.

தங்கச்சி சந்திரகாந்தா இதை ஒளிக்காமல் யோகராஜிடம் சொல்லிவிட்டாள். கட்டிக்கப் போகிறவன், மாமன் மகன், சொல்லாமல் என்ன செய்வாள். அவன் போய் அவன் அம்மாவிடம், உன் நல்லம்மா அத்தையிடம் சொல்ல, அவளுக்கு வைரஸ் என்றால் மாத்தளை பஸ் ஸ்டாண்டில் ஒட்டியிருக்கிற எய்ட்ஸ் படம்தான். பரிசம் போட்ட சீலையைத் திருப்பிக் கேட்டு ஆள் அனுப்பினாள். கொடுத்தேன். அதைத் தண்ணி பிடிக்கிற பீலிக்கரையில் எல்லாப் பெண்களும் பார்க்க டெட்டோல் ஊற்றி அலசினாள் மகனே. என் கூடப் பிறந்தவன், உன் மாமா, பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். உன் அப்பா உயிரோடு இருந்திருந்தால் அன்றைக்கு வெட்டுக்குத்து நடந்திருக்கும். தையலோடு படுத்துக்கொண்டு நான் கடவுளிடம் சுகம் கேட்கவில்லை, அவளை நாலு பேர் முன்னால் தலைகுனிய வைக்க நாள் கேட்டேன்.

கிடைத்தது. கொழுந்துக்குப் போகிறவர்கள் பிள்ளைகளை விடுகிற பிள்ளைக் காம்பராவில் குழந்தைகளுக்கு ஊசி போடுகிற நாள், லயத்துச் சனமே கூடியிருந்தது. மிட்வைஃப் மிஸ் றாபியாவிடம் என் வைரஸ் வருத்தத்தைப் பற்றி எல்லாருக்கும் சொல்லச் சொன்னேன். அவரும் டொக்டர் சொன்னதையே சொன்னார். அப்ப நல்லம்மாவுக்கும் இருக்குமா மிஸ் என்று சத்தமாகக் கேட்டேன். இல்லாம என்ன, இருக்கும் என்றார். பெண்கள் சிரித்த சிரிப்பை நீ கேட்டிருக்க வேண்டும்.

போன ஞாயிறு நல்லம்மா வாழைப்பழச் சீப்போடு மகனையும் கூட்டிக்கொண்டு வந்து நின்றாள். தெரியாம செஞ்சிட்டேன் மதினி, கல்யாணத்த தை மாசமே வச்சிக்குவோம் என்றாள். நான் தேத்தண்ணி ஊற்றி, பாதியைக் குடித்துவிட்டு மீதியை அவள் முன்னால் வைத்தேன். சூடா இருக்கு, ஆறட்டும் என்றாள். ஆறியது. யோகராஜ் கையை நீட்டினான், தன் அம்மா முகத்தைப் பார்த்தான், கையை இழுத்துக்கொண்டான். சந்திரகாந்தா வந்து கோப்பையை எடுத்து ஒரே மூச்சில் குடித்தாள். அத்தை, தேத்தண்ணி குடிக்கவே ஒங்க மொகத்த பாக்குறவரு நாளைக்கு என்னைய எப்படிக் காப்பாத்துவாரு, போயிட்டு வாங்க என்றாள்.

அதனால் தை மாதம் லீவு கேட்காதே, கல்யாணம் இல்லை. தங்கச்சிக்கு அவன்மேல் உண்மையிலேயே ஆசை இருந்தது மகனே. அன்றைக்கு அவள் சோறு தொடவில்லை. நான் வயிறு நிறையச் சாப்பிட்டேன், உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன்.

தெய்வம் உன்னை நோய் நொடியில்லாமல் காக்கட்டும். யோகராஜ் உனக்கு டெலிபோன் எடுப்பான், பேசாதே. தங்கச்சியே அவனிடம் பேசச் சொன்னாலும் பேசாதே.

உன் அம்மா,
கிருஷ்ணம்மா